கோவைப் படப்பிடிப்பு நிலையங்களும் தமிழ்ச் சோதனை இசையும்: ஒரு மறுநோக்கு

ஆய்வுச்சுருக்கம்

ராக் இசையும் மரபை மீறிய சோதனை இசையும் மேலைநாட்டிலிருந்து வந்த இரவல்கள். திரைப்படம் இசையின் தரத்தைக் குறைத்தது. இவ்விரு கருத்துகளும் தமிழ் இசைச்சுவைஞரிடையே நெடுங்காலமாக நிலவி வருகின்றன. கோவைப் படப்பிடிப்பு நிலையங்களின் வரலாற்றைக் கொண்டு இக்கருத்துகளை இக்கட்டுரை மறுபரிசீலனை செய்கிறது.

திறவுச்சொற்கள்: கோவை, திரையிசை, மெல்லிசை, சோதனை இசை, ராக்.

முன்னுரை

இசைச்சுவைஞரின் கருத்து அச்சில் தனியிடம் பெற்றதற்குக் கல்கியின் எழுத்துகள் தக்க சான்று. 'கர்நாடகம்' என்னும் புனைபெயரில் ஆனந்த விகடனில் 'ஆடல் பாடல்' பகுதியை எழுதிய அவர், திரைப்படங்களையும் விமர்சித்தார். பிற்காலத்தில் இவ்விரு துறைகளும் விலகின. செவ்வியல், நாட்டுப்புறம், மெல்லிசை என இசை வகுக்கப்பட்டபோது திரையிசை மெல்லிசைக்குள் அடக்கப்பட்டது. அதனுள் நிகழ்ந்த சோதனைகளைச் சோதனை என அழைக்கச் சொல் இல்லாமற் போயிற்று. புதிய ஒலிக்குக் களமும் ஊதியமும் அளித்த நிறுவனம் எது என்னும் வினாவிலிருந்து தொடங்கினால் வேறொரு வரலாறு புலப்படும்.

பணிமனையாகிய படப்பிடிப்பு நிலையம்

பைக்காரா நீர்மின் திட்டம் 1930களின் தொடக்கத்தில் செயற்படத் தொடங்கியபின் கோவை வட்டாரத்தின் தோற்றம் மாறியது. நூற்பாலைகள் பெருகின, மதுக்கரையில் சிமெண்டு ஆலை எழுந்தது. அதே பத்தாண்டில் சிங்காநல்லூரில் சென்ட்ரல் ஸ்டூடியோ அமைந்தது. 1945இல் எஸ். எம். ஸ்ரீராமுலு நாயுடு பட்சிராஜா ஸ்டூடியோவை நிறுவினார். ஆலைகளைப் போலவே படப்பிடிப்பு நிலையமும் தொழிலாளர் கூடிப் பணிபுரிந்த இடமாகும். இசைக்கலைஞரும் அங்கு நிறுவனத்தின் பணியாளரே.

சென்ட்ரல் ஸ்டூடியோவில் இயங்கிய ஜூபிடர் நிறுவனத்தில் எஸ். எம். சுப்பையா நாயுடு இசையமைத்தார். பாலக்காட்டு எலப்புள்ளியில் 1928இல் பிறந்த எம். எஸ். விசுவநாதன் அந்நிறுவனத்தில் எடுபிடியாகச் சேர்ந்து, பின்னர் நாயுடுவின் இசைக்குழுவில் இடம்பெற்றார். 'அபிமன்யு' (1948) படத்தில் தாம் அமைத்த மெட்டு ஆசிரியரின் பெயரில் வெளிவந்ததையும், ஜூபிடர் சென்னைக்கு இடம்பெயர்ந்தபோது நாயுடுவே அதை உரிமையாளரிடம் வெளிப்படுத்தித் தமக்கு வழிவகுத்ததையும் விசுவநாதன் பின்னாளில் நன்றியுடன் நினைவுகூர்ந்துள்ளார். திரையில் காணும் பெயரை மட்டும் கொண்டு இசைவரலாறு எழுதுவதன் இடரை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

1954: இரு திசைகள்

நாமக்கல் கவிஞரின் கதையைத் தழுவிப் பட்சிராஜா தயாரித்த 'மலைக்கள்ளன்' 1954இல் வெளிவந்தது; இசை சுப்பையா நாயுடு. குடியரசுத் தலைவரின் வெள்ளிப்பதக்கம் பெற்ற முதல் தமிழ்ப்படம் இதுவே. அதே ஆண்டில் ஏ.வி.எம். தயாரித்த 'அந்த நாள்' பாடலும் நடனமும் இன்றி வெளிவந்து, அதே விருது வரிசையில் தகுதிச் சான்றிதழ் பெற்றது. அதனை இயக்கியவர் வீணைக் கலைஞர் எஸ். பாலசந்தர்.

அமெரிக்காவில் ஜான் கேஜ், கலைஞர் எதையும் வாசிக்காதிருக்கும் நான்கு நிமிடம் முப்பத்து மூன்று விநாடிப் படைப்பை 1952இல் அரங்கேற்றியிருந்தார். இவ்விரண்டையும் இணைவைப்பது பொருந்தாது. கேஜ் இசையின் வரையறையை வினவினார். பாலசந்தர் தமிழ்த் திரைப்படத்தின் வரையறையை வினவினார். எனினும், இசையறிந்த ஒருவரே பாடலை விலக்கத் துணிந்தார் என்பது நோக்கத்தக்கது.

ராக்: ஒலியும் சூழலும்

பீட்டில்ஸ் குழுவினர் 1964 பிப்ரவரியில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் முதன்முறையாக நேரலையில் தோன்றினர். அதே மாதத்தில் விசுவநாதன்–ராமமூர்த்தி இசையில் 'காதலிக்க நேரமில்லை' வெளிவந்தது. வேலையிழந்த இளைஞன் முதலாளியின் வீட்டெதிரே கூடாரமிட்டு வேலை கேட்டுப் பாடும் காட்சி, ராக் அண்ட் ரோல் தாளநடையில் அமைந்தது. இதனைக் கண்மூடித்தனமான பின்பற்றல் எனக் கொள்வதற்கில்லை. மேலைநாட்டு ராக் இசையில் ஒலித்த தலைமுறை முரண், இங்கு வேலை கேட்கும் குரலாகவும் நகைச்சுவையாகவும் உருமாறியது. அக்காட்சி ஆழியாற்றுப் பகுதியில் படமாக்கப்பட்டது. கோவையில் எடுபிடியாக இருந்தவரின் இசை, கொங்கு நிலத்திற்கே இவ்வகையில் மீண்டது எனலாம்.

பதினைந்து ஆண்டுகளுக்குப்பின் கே. பாலசந்தரின் 'நினைத்தாலே இனிக்கும்' (1979) இசைக்குழு ஒன்றையே கதைப்பொருளாக்கியது. தனித்த ராக் குழுக்கள் பெருஞ்செல்வாக்குப் பெறாத சூழலில், திரைப்படமே தமிழரின் ராக் மேடையாயிற்று.

திரைக்கு வெளியிலிருந்து திரைக்கு

இளையராஜா 1986இல் தியாகராசருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக்கி வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்' திரைசாராத கருவியிசைத் தொகுப்பாகும். "இதற்கு எப்படிப் பெயரிடுவது?" எனப் பொருள்படும் அத்தலைப்பு, சுவைஞரின் வகைப்பாட்டையே வினவுகிறது. பாலுமகேந்திரா தம் 'வீடு' (1988) படத்தின் பின்னணி இசைக்கு அத்தொகுப்பையே பயன்படுத்தினார். 'வீடு' படத்திலும் பாடல்கள் இல்லை. பாடலற்ற படமும் பெயரற்ற இசையும் அங்குச் சந்தித்தன. திரையிசைப் பணிமனையில் தேர்ந்த கைகள் படைத்த தனியிசை மீண்டும் திரைக்கே வந்து சேர்ந்ததால், திரைப்படம் இசையைச் சிதைத்தது என்னும் கூற்று முழுமையாக நிலைபெறவில்லை.

முடிவுரை

மேற்கண்டவற்றால் இரு முடிவுகள் பெறப்படுகின்றன. ஒன்று, தமிழிசையின் சோதனை முயற்சிகளில் ஒரு பெரும்பகுதி ஊதியம் பெற்ற கலைஞரால் படப்பிடிப்பு நிலையங்களில் நிகழ்ந்தது. மற்றொன்று, அதனை அறிய மெட்டும் பாடலாசிரியரும் மட்டும் போதா. இசைக்குழு, பின்னணி இசை, பெயர் பெறாத உதவியாளர் ஆகியோரும் ஆய்வுக்குள் வரவேண்டும். 'அபிமன்யு' மெட்டின் உண்மை ஆசிரியர் நமக்குத் தெரியவந்தது, சுப்பையா நாயுடு வாய்திறந்ததால் மட்டுமே. அத்தகைய ஆசிரியர் வாய்க்காத கலைஞர்களின் பங்களிப்பை நினைவுகள் மறையுமுன் வாய்மொழி வரலாறாகத் தொகுப்பது கொங்கு வட்டாரப் பல்கலைக்கழகங்கள் உடனடியாக மேற்கொள்ளத்தக்க பணியாகும்.