கியர்பாக்ஸுக்குள் ஒரு திமிங்கலம்

இன்னைக்குப் பேசப்போறது ஒரு சிவப்பு எண்ணெயைப் பற்றி. ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஃப்ளூயிட், சுருக்கமா ஏ.டி.எஃப். ஸ்போர்ட்ஸ் காருக்கு இதை வீட்டிலேயே மாத்த முடியுமான்னு கேட்டா, முடியும். ஆனால் எதை ஊற்றுவது என்ற கேள்விக்குப் பின்னால் ஒரு திமிங்கல வேட்டையே இருக்கு. அங்கிருந்து தொடங்கினால்தான் மற்றதெல்லாம் புரியும்.

ஜெனரல் மோட்டார்ஸ் 1939-இல் ஹைட்ரா-மேட்டிக் என்ற தானியங்கி கியர்பாக்ஸை அறிவித்து, 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் பொருத்தியது. இரண்டாம் உலகப் போரில் அதே கியர்பாக்ஸ் அமெரிக்க டாங்கிகளுக்குள்ளும் போனது. 1953-இல் முதல் செவ்ரோலெட் கார்வெட் வந்தது. அந்த வருஷம் மிஷிகனில் உள்ள ஃபிளின்ட் ஊரில் மொத்தமே 300 கார்கள்தான் செய்தார்கள். அத்தனையிலும் இருந்தது பவர்கிளைட் என்ற இரண்டு கியர் ஆட்டோமேட்டிக். மேனுவல் கிடையவே கிடையாது. ஸ்போர்ட்ஸ் கார்னா மேனுவல்தான்னு அடம்பிடிக்கிற நண்பர் யாராவது இருந்தா, இதைச் சொல்லிப் பாருங்க.

சரி, அந்த எண்ணெய் உள்ளே என்ன செய்யுது? இன்ஜினோட சுழற்சியை டார்க் கன்வெர்ட்டரில் கடத்துவது எண்ணெய்தான். வால்வுகள் வழியாக அழுத்தம் கொடுத்துக் கியர் மாற்றுவதும், சூட்டை வெளியே கொண்டுபோவதும் அதே எண்ணெய்தான். இவற்றோடு ஒரு கஷ்டமான வேலையும் உண்டு. உள்ளே இருக்கும் கிளட்ச் பிளேட்டுகள் எண்ணெயில் நனைந்தபடியே ஒன்றையொன்று பிடிக்கணும். எண்ணெய் ரொம்ப வழுக்கினால் பிளேட் பிடிக்காமல் தேய்ந்து கருகும். பிடிப்பு ரொம்ப அதிகமானால் ஒவ்வொரு கியருக்கும் வண்டி வெட்டி இழுக்கும். வழுக்கவும் வேணும், பிடிக்கவும் வேணும். அதனால் இதை எண்ணெய் என்பதைவிட, பாட்டிலில் வரும் ஒரு உதிரி பாகம் என்று நினைப்பதே சரி.

அந்தச் சமநிலையைத் தந்தது ஸ்பெர்ம் திமிங்கலம். அதன் பெரிய தலைக்குள் இருக்கும் எண்ணெய், வேதியியல் கணக்கில் நம்ம தேங்காய் எண்ணெய் மாதிரியான கொழுப்பு இல்லை, திரவ மெழுகு. உலோகத்தில் நன்றாக ஒட்டும், சூட்டில் சட்டென்று நீர்த்துப்போகாது. கந்தகம் சேர்த்துப் பதப்படுத்தி அதை ஏ.டி.எஃப்-இல் கலந்தார்கள். 1960களின் கடைசியில் ஜெனரல் மோட்டார்ஸ் கொண்டுவந்த டெக்ஸ்ரான் வரை அதுதான் நிலைமை. விளக்கு எரிக்கத் திமிங்கலத்தைக் கொன்ற காலம் மண்ணெண்ணெயோடு முடிஞ்சதுன்னு பள்ளிக்கூடத்துல படிச்சிருப்போம். உண்மையில் 1960களில் உலகம் முழுக்க ஆண்டுக்கு இருபதாயிரத்துக்கும் மேல் ஸ்பெர்ம் திமிங்கலங்களைக் கொன்றார்கள். நிலாவுக்கு ஆள் அனுப்பிய பத்தாண்டு அது. எனக்கு இந்தக் கதையிலேயே உறுத்துகிற இடம் இதுதான்.

1970-இல் அமெரிக்கா இந்தத் திமிங்கலத்தை அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் பட்டியலில் சேர்த்தது. எண்ணெய் இறக்குமதி நின்றது. 1973-இல் வந்த சட்டம் கதவை இன்னும் இறுக்கமாகச் சாத்தியது. கியர்பாக்ஸ் செய்பவர்களுக்கு இது பெரிய தலைவலி. திமிங்கலம் இல்லாத டெக்ஸ்ரான் டூ வந்தது. அதன் ஆரம்ப வடிவம் எண்ணெயைக் குளிர்விக்கும் கூலரின் ஈயப் பற்றுகளை அரித்தது. அரிப்பைத் தடுக்கும் சேர்மானம் போட்டு, பிறகு திருத்தப்பட்ட வடிவத்தை விட்டார்கள். ஹோஹோபா என்ற பாலைவனச் செடியின் விதையிலும் அதே மாதிரி திரவ மெழுகு இருப்பதால் அதன் மேலும் நிறையப் பேர் கண் வைத்தார்கள். கடைசியில் அது பெரும்பாலும் ஷாம்புவுக்கும் கிரீமுக்கும் போய்ச் சேர்ந்தது.

அந்தக் காலத்துக் கார்வெட் வைத்திருந்தவர் வீட்டு வாசலில் எண்ணெய் மாற்றியதை நினைச்சுப் பாருங்க. பல கியர்பாக்ஸ்களின் அடித்தட்டில் வடிக்கும் திருகே இருக்காது. போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, ஒரு மூலையைச் சாய்ச்சு, சிவப்புத் திரவம் தட்டில் விழுதா தலையில் விழுதான்னு பார்க்கணும். அப்படியும் கன்வெர்ட்டருக்குள் இருப்பது வெளியே வராது. அதனால் பழசும் புதுசும் கலந்துதான் ஓடும். ஃபோர்டின் டைப் எஃப் எண்ணெயில் பிடிப்பைத் தளர்த்தும் சேர்மானம் கிடையாது. கியர் 'டப்'புன்னு விழணும்னு அதை வேணும்னே ஜெனரல் மோட்டார்ஸ் கியர்பாக்ஸில் ஊற்றிய ரேஸ் பிரியர்களும் இருந்தாங்க. நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆனால் அவங்க எல்லோரிடமும் ஒரு டிப்ஸ்டிக் இருந்தது. இழுத்து, துடைத்து, நிறத்தையும் வாசனையையும் பார்க்கலாம். கருகின வாடை வந்தால் கிளட்ச் பிளேட் தேயுதுன்னு அர்த்தம். இன்றைய கார்கள் பலவற்றில் அது இல்லை. 2019-இல் வந்த டொயோட்டா சுப்ராவில் இருப்பது இசட்.எஃப் நிறுவனத்தின் எட்டு கியர் பெட்டி. இந்த வகைப் பெட்டிகளின் எண்ணெய் ஆயுள் முழுக்க வரும் என்று கார் கம்பெனிகள் சொல்வது வழக்கம். யாரோட ஆயுள்னு யாரும் கேட்கிறதில்லை. பெட்டியைச் செய்யும் இசட்.எஃப்-ஓ 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. கார் கம்பெனியையும் பெட்டி செய்தவரையும் கேட்டால், நான் பெட்டி செய்தவரைத்தான் நம்புவேன்.

இதையும் வீட்டில் செய்யலாம், பொறுமை வேணும். வண்டியை நான்கு பக்கமும் உறுதியான ஸ்டாண்டில் சமமாகத் தூக்கி நிறுத்தணும். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது. ஃபில்டர் பிளாஸ்டிக் அடித்தட்டோடு சேர்ந்தே வருவதால் தட்டையே மாற்றணும். புது எண்ணெய் ஊற்றிய பிறகு இன்ஜினை ஓடவிட்டு, எண்ணெய் சுமார் 40 டிகிரிக்கு வரும்போது நிரப்பும் துளையிலிருந்து மெல்லிசா வழிந்தால் அளவு சரி. டப்பாவில் உங்கள் பெட்டிக்கான குறியீடு இருக்கான்னு பாருங்க, சிவப்பா இருந்தா மட்டும் போதாது.

ஒண்ணு மறந்துடாதீங்க. வடிக்கும் திருகைத் தொடுறதுக்கு முன்னாடி நிரப்பும் திருகு கழலுதான்னு பார்த்துடுங்க. எல்லாத்தையும் வடிச்ச பிறகு அது வரலைன்னா, வண்டி டோ டிரக்கில்தான் போகும்.