விளையாட்டுப் பொருள் ஆடம்பரமா?

கொழும்பில் பல மாடிகள் கொண்ட விளையாட்டுப் பொருள் கடை ஒன்றுக்கு அண்மையில் போயிருந்தேன். வெள்ளவத்தையில் என் வீட்டில் தங்கியிருந்த மச்சாளும் அவளுடைய ஆறு வயது மகனும் கூட வந்தார்கள். கீழ்த்தளத்தில் பொம்மைகளும் ரிமோட் கார்களும். மேலே ஏற ஏற மரக்கட்டைகள், புதிர்கள், சைக்கிள்கள். எல்லாமே பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் அடுக்கப்பட்டிருந்தன. ஆனால் மச்சாள் முதலில் சொன்னது, "ஒண்டையும் தொடாதை தம்பி."

உடைந்தால் காசு கட்ட வேண்டிவரும் என்று அஞ்சுகிறாள் என்றே நினைத்தேன். அவள் சொன்ன காரணம் வேறு. 1992இல் பிறந்து வன்னியில் வளர்ந்தவள் அவள். பழக்கமில்லாத பொருள் எதையும் தொடக்கூடாது என்பது, கண்ணிவெடி அபாயம் பற்றிப் பாடசாலையில் அவள் படித்த பாடம். அது உயிர் காத்த பாடம். அதைப் படித்தவர்கள் இன்று பெற்றோராகியிருக்கிறார்கள்.

1990இல் இரண்டாம் ஈழப்போர் தொடங்கியதும் வடக்கின் மீது பொருளாதாரத் தடை வந்தது. எரிபொருள், சீமெந்து, இரசாயன உரம் ஆகியவற்றோடு பற்றரியும் அந்தப் பட்டியலில் இருந்தது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட காலம் அது. செய்தி கேட்கவே பற்றரி இல்லாத வீட்டில் பொம்மைக் காருக்கு எங்கே போவது? 2002இன் ஆரம்பத்தில்தான் அந்தத் தடை பெருமளவு தளர்ந்தது.

கொழும்புக்கு வந்தவர்களுக்கும் இது கடை பார்க்கும் நகரமாக இருக்கவில்லை. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை லொட்ஜ்களில் விசாவுக்கும் வைத்தியத்துக்குமாகக் காத்திருந்தார்கள். 2007 ஜூன் 7ஆம் திகதி இத்தகைய விடுதிகளிலிருந்து 376 தமிழர்கள் பஸ்களில் ஏற்றி அனுப்பப்பட்டார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடையுத்தரவு வழங்கியது.

விளையாடுவது பிள்ளையின் உரிமை என்று 1989இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 31ஆம் உறுப்புரை சொல்கிறது. இலங்கை அதை உறுதிப்படுத்தியது 1991 ஜூலையில், அதாவது பற்றரித் தடை நடைமுறையில் இருந்தபோது.

அதற்காக எங்கள் பிள்ளைகள் விளையாடாமல் இருக்கவில்லை. நுங்கு எடுத்த கோம்பை இரண்டைத் தடியில் பூட்டினால் வண்டில். ஓலையை மடித்தால் காற்றாடி. சிரட்டையில் மண்சோறு. கிட்டிப்புள்ளுக்கும் கொக்கானுக்கும் காசே தேவையில்லை. மட்டக்களப்பில் 1996இல் ஆரம்பமான வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா, போரால் பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்கு விளையாட்டையும் கலையையும் மருந்தாகக் கொடுத்தது.

போர் நடந்த வேறு இடங்களிலும் விளையாட்டைக் கைவிட மறுத்தவர்கள் இருந்தார்கள். இலண்டன் றீஜன்ட் வீதியில் ஏழு தளங்களில் இயங்கும் ஹாம்லீஸ், 1760இல் தொடங்கிய விளையாட்டுப் பொருள் கடை. இரண்டாம் உலகப் போரில் அதன் மீது ஐந்து தடவைகள் குண்டு விழுந்தது. ஊழியர்கள் இரும்புத் தொப்பி அணிந்து, வாசலில் நின்று கேட்பவர்களுக்கு உள்ளே ஓடிப்போய்ப் பொருளை எடுத்து வந்து விற்றார்கள். சோறும் மருந்தும் போலவே இதுவும் தேவை என்று கருதியவர்கள் அந்த நகரில் இருந்தார்கள்.

எங்களிடமோ "இதெல்லாம் வீண் செலவு" என்ற எண்ணம் இன்னும் போகவில்லை. வறுமையும் அதற்குக் காரணம். மாடிக் கடையின் விலை நாட்கூலிக் குடும்பத்துக்கு எட்டாது. ஆனால் வாங்கித்தான் விளையாட வேண்டும் என்றில்லை. 1935இல், பொருளாதாரப் பெருமந்தத்தின்போது, அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸில் நூலகத்தில் புத்தகம் போலப் பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பொருட்களை இரவல் கொடுக்கும் திட்டம் தொடங்கியது. இன்று பல நாடுகளில் இத்தகைய இரவல் நிலையங்கள் உண்டு.

புலம்பெயர்ந்த உறவுகள் ஊர்ப் பாடசாலைக்கும் கோயிலுக்கும் பணம் அனுப்புகிறார்கள். முன்பள்ளியில் ஒரு அலுமாரி, ஒரு பதிவேடு, நல்ல நிலையிலுள்ள நாற்பது ஐம்பது பொருட்கள், பொறுப்பாக ஒரு ஆசிரியை. ஒரு கிராமத்துக்கு இவ்வளவும் போதும். மரக்கட்டை, பந்து, புதிர் போன்ற பற்றரி வேண்டாத பொருட்களே அதிக நாள் உழைக்கும். வாயில் போடும் வயதுப் பிள்ளைகளுக்குச் சிறு துண்டுகள் உள்ளதைக் கொடுக்கக்கூடாது என்பதை மட்டும் மறக்கக்கூடாது. மற்றபடி, அந்த அலுமாரியில் உள்ள எதையும் பிள்ளை தொடலாம்.