ஆசிய சாதனை படைத்தும் ஃபைனல் இல்லை... தொழில்முறை வீரர்கள் தோல்வியை எப்படிக் கடக்கிறார்கள்?

போட்டியில் எத்தனையாவது இடம் என்பது வீரரின் கையில் மட்டும் இல்லை. கூட ஓடுபவர்களையும் பொறுத்தது. இதற்கு நல்ல உதாரணம், லால்குடி பகுதியைச் சேர்ந்த ராணுவ வீரரும் 400 மீட்டர் ஓட்டக்காரருமான ஆரோக்கிய ராஜீவ்.

டோக்கியோவில் என்ன நடந்தது?

2021 ஆகஸ்டில் நடந்த ஒலிம்பிக் 4x400 மீட்டர் தொடர் ஓட்டத்தில், ராஜீவ் இடம்பெற்ற இந்திய அணி 3 நிமிடம் 0.25 விநாடியில் ஓடி, அப்போதைய ஆசிய சாதனையை முறியடித்தது. ஆனால் ஃபைனலுக்கு 8 அணிகள்தான். இந்தியாவுக்கு 9-வது இடம். அவ்வளவுதான், வெளியேற வேண்டியதாயிற்று.

ஜகார்த்தா தங்கம் எப்படி வந்தது?

2018 ஆசிய விளையாட்டில் கலப்பு தொடர் ஓட்டத்தில் ராஜீவ், அனஸ், பூவம்மா, ஹிமா தாஸ் அணி வெள்ளி வென்றது. தங்கம் வென்ற பஹ்ரைன் அணியின் வீராங்கனை ஒருவர் ஊக்கமருந்து சோதனையில் சிக்கியதால், 2020-ல் அந்தத் தங்கம் இந்தியாவுக்கு வந்தது. ஓடியது அதே ஓட்டம், அதே நேரம். பதக்கத்தின் நிறம்தான் மாறியது.

அப்படியானால் வீரரின் கையில் இருப்பது என்ன?

தன்னுடைய நேரமும், அதற்கான தயாரிப்பும். 400 மீட்டரில் கடைசி 100 மீட்டரில் எல்லோருக்குமே வேகம் குறையும். கால் கனக்கும். யாருக்குக் குறைவாகக் குறைகிறதோ, அவர்தான் முன்னால் வருவார். மாதக்கணக்கில் செய்யும் பயிற்சி இதற்காகத்தான். தூக்கமும் ஓய்வும்கூட இந்த வேலையில் அடக்கம்.

மைதானத்துக்கு வெளியே?

அங்கேயும் ஒழுங்கு தேவை. ஊக்கமருந்து சோதனைப் பட்டியலில் உள்ள வீரர்கள், தினமும் ஒரு மணி நேரம் எங்கே இருப்போம் என்று முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். 12 மாதத்தில் 3 முறை தவறினால், மருந்தே எடுக்காவிட்டாலும் தடை வரலாம்.

அதன் பிறகு என்ன ஆனது?

2023-ல் புடாபெஸ்ட் உலக சாம்பியன்ஷிப்பில் இந்திய அணி 2 நிமிடம் 59.05 விநாடியில் ஓடி புதிய ஆசிய சாதனை படைத்து, ஃபைனலுக்கும் போனது. டோக்கியோவில் ஓடிய அனஸ், அமோஜ் ஜேக்கப் இருவரும் அந்த அணியில் இருந்தார்கள். கடைசிச் சுற்றை ஓடியவர் தமிழ்நாட்டு வீரர் ராஜேஷ் ரமேஷ்.

நம்ம ஊர் பிள்ளைகள் என்ன செய்யலாம்?

திருவிடைமருதூர், கும்பகோணம் பக்கம் பள்ளிப் போட்டிக்கோ, போலீஸ், ராணுவத் தேர்வுக்கோ விடியற்காலையில் ஓடிப் பழகுகிறவர்கள் ஒரு நோட்டு போடலாம். தேதி, தூரம், நேரம், தூங்கிய மணி. இந்த நான்கு போதும். பக்கத்தில் ஓடுபவர் முந்திவிட்டார் என்று சோர்ந்து போவதற்கு முன், போன மாத நேரத்தையும் இந்த மாத நேரத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். நேரம் குறைந்திருந்தால் பயிற்சி சரியாகப் போகிறது. குறையவில்லை என்றால் எதை மாற்றுவது என்று பயிற்சியாளரிடம் கேட்கலாம்.