மாமாவின் பென்ஸும் தாத்தாவின் வேனும்: லீஸ் வண்டியின் கதை

செமஸ்டர் முடிந்து வீட்டில் சும்மா இருந்தவனை மாமா ராஜபாளையத்துக்கு வரச் சொன்னார். எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் போய்விடலாம். மாமாவுக்குச் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிகள் இருக்கின்றன. போய் உட்கார்ந்ததும் கையில் ஒரு தாளைக் கொடுத்தார்.

"மாப்ளே, நீ பி.காம் தானே படிக்கிற? இதைப் பாரு. பென்ஸ் கார், மூணு வருஷ லீஸ். மாசம் இவ்வளவு கட்டினாப் போதுமாம். நாளைக்குக் கையெழுத்து."

தாளில் மாதத் தொகை மட்டும் கொட்டை எழுத்தில் இருந்தது. மற்றதெல்லாம் பொடி எழுத்து. திண்ணையில் இருந்த தாத்தா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "வண்டி யார் பேர்லடா?"

தாத்தா அப்படிக் கேட்டதற்குக் காரணம் உண்டு. 1980களில் அவர் பைனான்ஸில் ஒரு வேன் எடுத்துப் பால் ஏற்றிக்கொண்டிருந்தார். 36 டியூவில் 31 கட்டியாகிவிட்டது. ஒரு மழைக்காலத்தில் தொடர்ந்து இரண்டு டியூ தவறியது. மறுநாள் காலையில் வாசலில் வேன் இல்லை. போய்க் கேட்டதற்கு, "நீங்க கட்டினது வாடகைதான் பெரியவரே, வண்டி எங்களோடது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம்.

31 மாதம் கட்டிய பணம் எப்படி வாடகை ஆகும்? இதைத் தேடிப் போனதில்தான் இந்தக் கட்டுரை வந்தது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள் :-)

எல்லாம் ஒரு பியானோவில் ஆரம்பித்தது

19-ம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தையல் மெஷின், பியானோ எல்லாம் தவணையில் கிடைத்தன. பிரூஸ்டர் என்பவர் மாதம் பத்தரை ஷில்லிங் வீதம் 36 மாதம் கட்டுவதாகச் சொல்லி ஒரு பியானோவை எடுத்தார். நாலு மாதத்திலேயே அதை அடகுக்கடையில் வைத்துவிட்டார். பியானோவின் சொந்தக்காரரான ஹெல்பி, அடகு பிடித்த மேத்யூஸ் மேல் வழக்குப் போட்டார். 1895-ல் பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொன்னது. பிரூஸ்டர் பியானோவை வாங்க ஒப்புக்கொள்ளவில்லை, வாடகைக்குத்தான் எடுத்திருக்கிறார். எப்போது வேண்டுமானாலும் திருப்பிக் கொடுக்கலாம், கடைசித் தவணை வரை கட்டினால்தான் அவருக்குச் சொந்தம். ஆகவே அடகுக்கடைக்காரர் பியானோவை ஹெல்பியிடம் திருப்பித் தரவேண்டும்.

தாத்தாவின் வேன் அன்றைக்கே போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்! தவணை வியாபாரத்தின் அஸ்திவாரமே இந்தத் தீர்ப்புதான். காகிதத்தில் "வாடகை" என்று எழுதியிருக்கும் வரைக்கும் பொருள் கொடுத்தவருடையது.

இதில் நடந்த அநியாயத்தைப் பார்த்து அந்த நாட்டிலேயே எலன் வில்கின்சன் என்ற பெண் எம்.பி. போராடி, 1938-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தார். ரொக்க விலை என்ன என்பதை எழுதிக் காட்ட வேண்டும். மூன்றில் ஒரு பங்கு கட்டிவிட்டால், கோர்ட்டுக்குப் போகாமல் பொருளைத் தூக்கக்கூடாது.

மெட்ராஸ் கதை

நம்ம ஊர்ப் பக்கம் இந்த முறை பெரிதானது பஸ், லாரியால். மதுரையில் 1911-ல் டி.வி. சுந்தரம் ஐயங்கார் தொடங்கிய தொழில்தான் டி.வி.எஸ். அவருடைய மகன் டி.எஸ். சந்தானம் 1954-ல் மெட்ராஸில் சுந்தரம் பைனான்ஸைத் தொடங்கினார். முதலீடு வெறும் 2 லட்சம் ரூபாய். அந்தக் காலத்தில் லாரி வாங்கப் போகிறேன் என்று ஒரு டிரைவர் வங்கிக்குள் நுழைந்து கடன் வாங்கிவிட முடியாது. வங்கிகள் பெரிய கம்பெனிகளையும் வியாபாரிகளையும்தான் பார்த்தன. அந்த இடைவெளியில் ஹயர் பர்ச்சேஸ் கம்பெனிகள் நுழைந்தன. வண்டி கம்பெனி பேரில், ஓட்டுகிறவர் வாடகைக்காரர், கடைசி டியூவில் உரிமை மாறும். 1978-ல் முருகப்பா குழுமத்தின் சோழமண்டலம், 1979-ல் பழைய லாரிகளுக்குப் பணம் கொடுத்த ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட் என்று தமிழ்நாடே இந்தத் தொழிலின் தாய்வீடு ஆனது. கையில் சொத்தில்லாத எத்தனையோ டிரைவர்கள் இதனால்தான் முதலாளி ஆனார்கள். அதையும் சொல்லாமல் விட்டால் தப்பு.

ஆனால் இங்கிலாந்தில் 1938-ல் வந்த பாதுகாப்பு இங்கே வந்ததா? வந்தது, வரவில்லை! 1972-ல் நம் நாடாளுமன்றம் ஹயர் பர்ச்சேஸ் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. ரொக்க விலையையும் தவணை விலையையும் தனித்தனியாகக் காட்ட வேண்டும், குறிப்பிட்ட பங்குக்கு மேல் பணம் கட்டியவரிடமிருந்து கோர்ட் வழியாகத்தான் வண்டியை எடுக்கலாம் என்று அதில் இருந்தது. அந்தச் சட்டம் அமலுக்கு வரவே இல்லை. 33 வருடம் புத்தகத்திலேயே தூங்கி, 2005-ல் ரத்தானது. தாத்தா வேனைப் பறிகொடுத்தபோது அது தூங்கிக்கொண்டுதான் இருந்தது.

விலையைத் தனியாகக் காட்டாததால் என்ன நஷ்டம்? வகுப்பில் போட்ட கணக்குதான். 10 லட்சம் கடன், 5 வருடம், "வெறும் 10 சதவீத பிளாட் வட்டி". வட்டி 5 லட்சம், மொத்தம் 15 லட்சம், மாதம் 25,000. கேட்கச் சின்னதாக இருக்கிறது. ஆனால் அசல் மாதாமாதம் குறைகிறது, வட்டியோ முதல் நாள் அசலுக்கே கடைசி வரை போடப்படுகிறது. குறையும் அசலுக்குக் கணக்குப் போட்டால் வட்டி ஏறக்குறைய 17 சதவீதம்!

லீஸ் எங்கிருந்து வந்தது?

1973-ல் மெட்ராஸில் பர்ஸ்ட் லீசிங் கம்பெனி ஆஃப் இந்தியா தொடங்கியது. நாட்டின் முதல் லீசிங் கம்பெனி அதுதான். ஹயர் பர்ச்சேஸில் கடைசியில் வண்டி உங்களுடையது. லீஸில் கடைசி வரைக்கும் அவர்களுடையது.

அப்புறம் எதற்கு லீஸ்? வருமான வரிதான் காரணம். சொந்தக்காரர் தேய்மானத்தைச் செலவாகக் காட்டி வரியைக் குறைக்கலாம். அந்த லாபத்தில் ஒரு பங்கை வாடகையில் தள்ளிக் கொடுத்தால் இரண்டு பேருக்கும் நல்லது. 1990களில் இந்த விளையாட்டு எல்லை மீறியது. மின்சார வாரியம் ஏற்கெனவே மாட்டியிருக்கும் மீட்டரை "வாங்கி", அதே வாரியத்துக்கு லீஸுக்கு விட்டு, 100 சதவீதத் தேய்மானம் எடுத்தார்கள். மீட்டர் சுவரை விட்டு நகரவே இல்லை :-) 1996-ல் சட்டத்தைத் திருத்தி இதற்குக் கடிவாளம் போட்டார்கள்.

சொகுசு கார் லீஸுக்கு வந்தது அதே காலத்தில்தான். அதற்கு முன் அம்பாசிடருக்கும் பியட்டுக்கும் வருடக்கணக்கில் காத்திருந்த நாடு இது. 1995-ல் புனேயில் பென்ஸ் கார்கள் பூட்டப்பட்டு வெளிவந்தன. 2007-ல் சென்னைக்குப் பக்கத்தில் பி.எம்.டபிள்யூ. வந்தது. முழு விலையையும் முடக்காமல், வாடகையைத் தொழில் செலவில் எழுதலாம் என்பதால் தொழில்காரர்களுக்கு லீஸ் பிடித்துப்போனது.

சரி, தாத்தாவின் கேள்விக்குப் பதில்? 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி லீஸ் வண்டியைக் கையில் வைத்திருப்பவர்தான் "உரிமையாளர்". ஆர்.சி. புக்கில் மாமா பேர்தான் இருக்கும், கூடவே லீஸ் என்ற பதிவும் இருக்கும். ஆனால் தேய்மானத்துக்கு உரிய நிஜச் சொந்தக்காரர் லீசிங் கம்பெனிதான் என்று 2013-ல் ஐ.சி.டி.எஸ். வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதாவது போலீஸ் அபராதத்துக்கு மாமா, சொத்துக்கு அவர்கள்! ஆளை வைத்து வண்டியைப் பறிக்கும் வழக்கத்தை 2007-ல் பிரகாஷ் கௌர் வழக்கில் உச்ச நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்தது. தாத்தாவுக்கு அது இருபது வருடம் தாமதம்.

இன்னொன்று. அந்த முதல் லீசிங் கம்பெனி 2013-ல் விழுந்தது. இல்லாத சொத்தும் லாபமும் கணக்கில் இருந்தது தெரிந்து, ரிசர்வ் வங்கி அதன் தொழிலுக்குத் தடை போட்டது. நாம் டெபாசிட் கொடுக்கும் கம்பெனியும் கவிழலாம் என்பது இதில் பாடம்.

பேரம் எதில்?

எங்கள் மலையடிவாரத்தில் மாந்தோப்புக் குத்தகை பார்த்திருப்பீர்கள். பூவைப் பார்த்துச் சப்பட்டைக்கும் பஞ்சவர்ணத்துக்கும் ஒரு தொகை பேசுவார்கள். காற்றடித்துப் பிஞ்சு உதிர்ந்தால் நஷ்டம் யாருக்கு என்பதுதான் அதில் உண்மையான பேச்சு. கார் லீஸும் அதேதான். மூன்று வருடம் கழித்து அந்தக் கார் என்ன விலை போகும், குறைந்தால் யார் தலையில்?

தோராயமாக ஒரு கணக்கு, வரி சேர்க்காமல். கார் 60 லட்சம், 36 மாதம், வட்டி 10 சதவீதம். கடைசி மதிப்பு 30 லட்சம் என்றால், தேயும் 30 லட்சத்தை 36-ஆல் வகுத்தால் 83,300. நடுவில் சராசரியாக நிற்கும் 45 லட்சத்துக்கு மாத வட்டி 37,500. வாடகை சுமார் 1,20,800. கடைசி மதிப்பை 24 லட்சம் என்று எழுதினால் அதே வாடகை சுமார் 1,35,000 ஆகிறது. காரும் வட்டியும் அதேதான். ஆனால் மூன்று வருடத்தில் 5 லட்சத்துக்கு மேல் கூடுதல்! மாதத் தொகையை மட்டும் பார்த்தால் இது கண்ணில் படவே படாது.

ஆகவே மாமாவுக்கு ஐந்து கேள்விகள் எழுதிக் கொடுத்தேன்.

1. காரின் விலை எவ்வளவு என்று போட்டிருக்கிறீர்கள்? (ரொக்கத்துக்கு வாங்குகிறவர் பேசுவதுபோல முதலில் இதைப் பேச வேண்டும்.)
2. கடைசி மதிப்பு எவ்வளவு? விற்கும்போது குறைந்தால் யார் பொறுப்பு?
3. இவை இரண்டையும் வைத்தால் வட்டி எவ்வளவு வருகிறது? வாடகை மேல் ஜி.எஸ்.டி. எவ்வளவு? (கார் வாடகையில் அந்த வரியை மாமா மாதிரி ஆட்கள் திரும்ப எடுக்க முடியாது.)
4. எத்தனை கிலோமீட்டர் ஓட்டலாம்? எந்தக் கீறல் தேய்மானம், எது சேதம்? டெபாசிட் எப்போது திரும்பி வரும்?
5. 14-வது மாதம் திருப்பிக் கொடுத்தால் என்ன கட்ட வேண்டும்?

ஐந்தாவதைப் படித்ததும் மாமா நிமிர்ந்து பார்த்தார். நூல் விலை ஏறினால் தறி நின்றுவிடும் தொழில் அது. பொடி எழுத்தைத் தேடிப் படித்தோம். நடுவில் விட்டால் மீதி வாடகையில் பெரும்பகுதியை மொத்தமாகக் கட்ட வேண்டுமாம்.

மறுநாள் கையெழுத்து போடவில்லை. கேள்விகளை அனுப்பினார். நாலு நாள் கழித்து வந்த புதுத் தாளில் விலை, கடைசி மதிப்பு, வட்டி மூன்றும் தனித்தனியாக இருந்தன. கேட்டால் தருகிறார்கள்! நடுவில் விடும் அபராதம் மட்டும் மாறவில்லை. மாமா இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார். அது இறங்காவிட்டால் பென்ஸ் வேண்டாம் என்று அத்தையிடம் சொன்னாராம்.

தாத்தா புதுத் தாளை வாங்கிக் கண்ணாடி போட்டுப் படித்தார். "அன்னைக்கு எனக்கு இதைப் படிச்சுச் சொல்ல ஆள் இல்லப்பா" என்றார். அவ்வளவுதான்.

வீட்டில் யாராவது டியூ போட்டு வண்டி எடுக்கப் போகிறார்கள் என்றால், காமர்ஸ் படிக்கும் நீங்கள் அந்தப் பொடி எழுத்தை ஒருமுறை படித்துக் காட்டுங்கள். அடுத்த கட்டுரையில் சந்திப்போம்.