‘ஸ்டென்ட்’: பல் அச்சிலிருந்து இதயத் தமனி வரை ஒரு சொல்லின் வரலாறு

தமிழ் இலக்கண நூலார் ஆகுபெயரை ஒரு படியோடு நிறுத்தவில்லை. ‘கார் அறுத்தார்கள்’ என்னும் தொடரில் கருமையைக் குறித்த சொல் முகிலுக்கும், முகிலிலிருந்து மழைப் பருவத்துக்கும், பருவத்திலிருந்து அதில் விளையும் நெல்லுக்கும் ஆகிவருவதைக் கண்டு, அதனை மும்மடி ஆகுபெயர் என்றனர். அறிவியல் கலைச்சொற்களின் வரலாற்றை ஆராய்வோர் இக்கருத்தைப் பெரிதும் பயன்படுத்தியதில்லை. பயன்படுத்தினால் என்ன கிடைக்கும் என்பதற்கு ‘ஸ்டென்ட்’ என்னும் சொல் தக்க சான்றாகும். இன்று அச்சொல் இதயத் தமனியினுள் வைக்கப்படும் சிறு உலோக வலைக்குழலைக் குறிக்கிறது. நூற்றறுபது ஆண்டுகளுக்கு முன் அது பொய்ப்பல் கட்டுவதற்காக வாயில் அச்செடுக்கும் பசையின் பெயர். அதற்கும் முன் அது ஒரு மனிதரின் பெயர்.

இவ்வரலாறு வெறும் சொற்பிறப்புச் சுவைக்கு உரியதன்று. மருத்துவமனையில் நோயாளி கையொப்பமிடும் இசைவுப் படிவத்தைத் தமிழாக்குவோர் இச்சொல்லை நாள்தோறும் எதிர்கொள்கின்றனர். அவர்கள் அதற்கு எழுதும் ஒரு சொல்லோ, ஒட்டி எழுதும் ஒரு வினையோ, நோயாளி தனக்கு என்ன நடக்கப்போகிறது என்று நம்புவதைத் தீர்மானிக்கக்கூடும்.

பல் அச்சும் மும்மடி ஆகுபெயரும்

சார்லஸ் தாமஸ் ஸ்டென்ட் (1807–1885) லண்டனில் தொழில் செய்த பல் மருத்துவர். பல்செட் ஈறில் சரியாகப் பொருந்த வேண்டுமானால் வாயின் அளவு பிழையின்றிக் கிடைக்க வேண்டும். நெடுங்காலம் இதற்குத் தேன்மெழுகு பயன்பட்டது. 1840களில் மலாய் நாட்டிலிருந்து கட்டபார்ச்சா என்னும் மரப்பால் லண்டனை அடைந்தது. (அப்பெயரின் முற்பகுதி ‘பிசின்’ எனப் பொருள்படும் ‘கெத்தா’ என்னும் மலாய்ச் சொல்லே.) வெந்நீரில் இளகி, ஆறியபின் இறுகும் அப்பொருள் பல் அச்சுக்கு ஏற்றதாகத் தோன்றியது. ஆனால் அதற்கு இரு குறைகள் இருந்தன. வாயிலிருந்து எடுக்கும்போது வடிவம் கோணியது, ஆறும்போது சுருங்கியது. 1856-இல் ஸ்டென்ட் அதனுடன் ஸ்டியரின் என்னும் கொழுப்புப் பொருளைச் சேர்த்து இளக்கத்தையும் நிலைப்பையும் கூட்டினார்; மாக்கல் தூளைக் கலந்து கட்டுமானம் தந்தார்; சிவப்பு நிறமும் ஏற்றினார். அக்கலவை ‘ஸ்டென்ட்ஸ்’ என அவர் பெயரின் ஆறாம் வேற்றுமை வடிவிலேயே விற்பனையாயிற்று. பின்னர் அதன் உரிமையைப் பெற்ற கிளாடியஸ் ஆஷ் நிறுவனமும் அப்பெயரை மாற்றவில்லை.

செய்தவன் பெயர் செய்பொருளுக்கு ஆவது கருத்தாவாகுபெயர். இது முதல் படி.

இரண்டாம் படி முதல் உலகப் போரின்போது நிகழ்ந்தது. முகம் சிதைந்து வந்த படைவீரர்களுக்குச் சிகிச்சை அளித்த டச்சு அறுவை மருத்துவர் யோகன்னஸ் எஸ்ஸர், தோல் ஒட்டு புண்ணின் குழியோடு படிந்து நிற்பதற்கு ஒரு வழி கண்டார். பல் மருத்துவரின் பசையை இளக்கிப் புண்ணின் வடிவிலேயே அச்செடுத்து, அந்த அச்சின்மேல் ஒட்டுத்தோலைச் சுற்றிப் புண்ணுக்குள் வைத்து, தோல் பற்றும்வரை விட்டுவைத்தார். 1917-இல் அவர் இம்முறையை ஆங்கிலத்தில் வெளியிட்டார். 1920-இல் முக ஒட்டறுவை பற்றிப் பெருநூல் எழுதிய ஹெரால்ட் கில்லீஸ், இப்பசையால் செய்த அச்சுக்கே ‘ஸ்டென்ட்’ என்று பெயர் வழங்குவதைக் குறிப்பிடுகிறார். பொருளின் பெயர் அதனால் ஆகிய உருவுக்குச் சென்றுவிட்டது. இதனைக் கருவியாகுபெயரின் பாற்படுத்தலாம். இந்நிலையில் ஆறாம் வேற்றுமை உருபு உதிர்ந்ததும், சொல் எண்ணத்தக்க பொதுப்பெயர் ஆனதும் மொழியியலார் கவனிக்கத்தக்கவை.

மூன்றாம் படி ஒப்புமை பற்றியது. 1954-இல் பித்தநாளத்தைச் சீரமைக்கும் ஆய்வொன்றில் நாளத்தினுள் வைத்த பாலிஎத்திலீன் குழாய் ‘ஸ்டென்ட்’ எனப்பட்டது. அங்கே ஸ்டென்ட்டின் பசையும் இல்லை, அச்சும் இல்லை. திசுவை உள்ளிருந்து தாங்கி உரிய வடிவில் நிறுத்தும் தொழில் ஒன்றே எஞ்சியது. ஆக, உவமையாகுபெயர். ஆங்கிலச் சொல் ஒன்று ‘கார்’ சென்ற வழியே சென்றிருக்கிறது.

அடி அறுந்த சொல் மக்கள் சொற்பிறப்புக்கு எளிதில் இரையாகும். ஸ்காட்லாந்து வழக்கில் ‘ஸ்டென்ட்’ என்றால் இழுத்து விரித்தல். ஆற்றின் குறுக்கே கட்டும் மீன்வலைக்கும் அப்பெயர் உண்டு. தமனிக்குள் விரியும் வலைக்கு இதைவிடப் பொருத்தமான மூலம் வேண்டுமா என்று தோன்றுவது இயல்பே. ஆனால் இடைப்படிகளுக்குச் சான்று கிடைத்துள்ள இடத்தில் பொருத்தம் மட்டும் சான்றாகாது. ஒலியும் பொருளும் இவ்வளவு நெருங்கியும் உறவில்லாச் சொற்கள் இருத்தல் கூடும் என்பது தமிழ்ச் சொற்பிறப்பு ஆய்வாளரில் சிலரும் நினைவிற்கொள்ள வேண்டிய உண்மை.

இதயத்துக்குள் போட்டியிட்ட பெயர்கள்

இதய மருத்துவத்துக்கு இச்சொல் நேர்வழியில் வந்துவிடவில்லை. 1964-இல் அமெரிக்காவின் போர்ட்லாந்தில் கால் தமனியின் அடைப்பைக் கத்தியின்றித் திறந்த சார்லஸ் டாட்டர், தமனி மீண்டும் மூடாதிருக்க உள்ளே ஒரு தாங்கல் வைக்கலாம் எனக் கருதி, அதற்கு எலும்பு முறிவுக்குக் கட்டும் சிம்பின் ஆங்கிலப் பெயரையே இட்டார். அப்பெயர் நிலைத்திருந்தால் தமிழ் மொழிபெயர்ப்பாளருக்குத் தொல்லை இராது. சிம்பு என்னும் சொல் ஆயத்தமாக உள்ளது. 1969-இல் நாய்களின் தமனியில் சுருள்கம்பி வைத்து ஆய்ந்தபோது அவரே அதனைக் ‘குழாய் ஒட்டு’ என்றார். 1983-இல் நிட்டினால் கம்பிச் சுருளைப் பற்றி ஒரே இதழில் இரு குழுவினர் எழுதினர். டாட்டர் குழுவினர் ‘ஸ்டென்ட்’ என்றனர். மற்றவர் ‘உட்செயற்கையுறுப்பு’ எனப் பொருள்படும் ‘எண்டோபிராஸ்தசிஸ்’ என்றனர். 1985-இல் ஹூலியோ பால்மாஸ் தாம் ஆக்கிய விரியும் வலைக்குழலை ‘ஒட்டு’ என்றே எழுதினார்.

இப்போட்டியைத் தீர்த்தது இலக்கணம் அன்று, ஒரு மருத்துவச் சிக்கல். 1977 செப்டம்பர் 16 அன்று சூரிச் நகரில் ஆந்திரியாஸ் குருன்ட்சிக் இதயத் தமனியில் முதன்முதலாகப் பலூனை விரித்தார். அம்முறை பரவியபின், விரிந்த தமனி உடனே மூடிக்கொள்வதும், ஆறு மாதங்களுக்குள் மூவரில் ஒருவருக்கு மீண்டும் சுருங்குவதும் தெரியவந்தன. 1986 மார்ச் 28 அன்று துலூஸ் நகரில் ஷாக் புயேல் மனித இதயத் தமனியில் முதல் வலைக்குழலை வைத்தார். லோசானில் உல்ரிச் சிக்வார்ட் தொடர்ந்தார். 1987-இல் வெளிவந்த அவர்கள் கட்டுரையின் தலைப்பில் ‘ஸ்டென்ட்’ இடம்பெற்றது. அவர்கள் வைத்த குழலின் வணிகப் பெயர் ‘வால்ஸ்டென்ட்’. அதனை ஆக்கிய சுவீடன் பொறியாளர் வால்ஸ்டேன் பெயரும் லண்டன் பல் மருத்துவர் பெயரும் ஒன்றாய்ப் பின்னிய தொகைச்சொல் அது. இரு மனிதர் பெயரால் ஆன சொல் என்பதை அதை ஒலிப்போர் அறிவதில்லை. பிரெஞ்சு மொழி மட்டும் எழுத்து வழக்கில் ‘எண்டோபிராத்தேஸ்’ என்பதை விடாது காக்கிறது. பேச்சில் அங்கும் ‘ஸ்டென்ட்’ தான்.

1994-இல் இரண்டு ஆய்வுகள் ஸ்டென்ட்டைப் பலூனோடு ஒப்பிட்டன. 520 பேரைக் கொண்ட பெனஸ்டென்ட் ஆய்வில் மறுசுருக்கம் 32 விழுக்காட்டிலிருந்து 22 விழுக்காடாகவும், 410 பேரைக் கொண்ட ஸ்ட்ரெஸ் ஆய்வில் 42.1-லிருந்து 31.6 ஆகவும் குறைந்தது. 2002-இல் வந்த ராவெல் ஆய்வில், மருந்தைச் சிறிதுசிறிதாக வெளிவிடும் ஸ்டென்ட் வைத்தவர்களில் எவருக்கும் மறுசுருக்கம் காணப்படவில்லை. இப்புதுவகை வந்தபின் பழைய ஸ்டென்ட் தன் பெயருக்கு முன் ‘வெற்று உலோக’ என்னும் அடையை ஏற்க நேர்ந்தது. மின்விசிறி வந்தபின் விசிறி ‘கைவிசிறி’ ஆனது போன்றதே இது. புதுவகையைத் தமிழில் ‘மருந்து பூசிய ஸ்டென்ட்’ என எழுதுவோர் உளர். பூச்சு உண்டு என்பது உண்மையே. ஆயினும் மூலச்சொல் பூச்சைக் குறிக்கவில்லை. மருந்து கசிவதைக் குறிக்கிறது. ‘மருந்து கசியும்’ என்பதே நெருங்கியது. 2017 பிப்ரவரியில் இந்திய அரசின் விலை நிர்ணய ஆணையம் வெற்று உலோக ஸ்டென்ட்டுக்கு 7,260 ரூபாயும் மருந்து கசியும் ஸ்டென்ட்டுக்கு 29,600 ரூபாயும் உச்சவரம்பு விதித்தபோது, இவ்விரு அடைகளும் மருத்துவர் வட்டத்தைக் கடந்து நாளிதழ்களுக்கும் வந்தன.

தமிழில் ‘அடைப்பு’

தமிழ் இதழ்களில் இச்சொல் ஸ்டென்ட், ஸ்டெண்ட், ஸ்டன்ட் எனப் பல வடிவில் வருகிறது. கடைசி வடிவம் திரைப்படச் சண்டைக் காட்சியை நினைவூட்டுவது வருந்தத்தக்க விபத்து. வினையாகும்போது வை, போடு, பொருத்து என்னும் துணைவினைகளை ஏற்கிறது. கடன்சொல்லை ஏற்பதா, ஆக்கச்சொல் படைப்பதா என்னும் வழக்கு இங்கே பழையதே. ‘கெமிஸ்தம்’ என்று 1875-இல் வேதியியல் நூலுக்குப் பெயரிட்ட யாழ்ப்பாணத்து மருத்துவர் சாமுவேல் கிரீன் காலம் தொட்டு நடப்பது. வலைக்குழல், தாங்குகுழல் போன்ற ஆக்கங்கள் குறையுடையன அல்ல. முன்னது வடிவையும் பின்னது தொழிலையும் சொல்கின்றன. பெயரைவிட அதனைச் சூழ்ந்த சொற்களே கூடுதலாகக் கருதத்தக்கவை.

ஆங்கிலத்தில் இந்நோயின் வலிக்கு 1768-இல் வில்லியம் ஹெபர்டன் தந்த இலத்தீன் பெயர் மார்பின் நெரிப்பைக் குறித்தது. நோயாளி உணர்வதைச் சொன்னதே அன்றிக் காரணத்தைச் சொல்லவில்லை. தமிழின் ‘மாரடைப்பு’ என்பதும் சொல்லளவில் மார்பைப் பற்றியதே. ஆனால் இரத்தக்குழாயில் அடைப்பு என்னும் விளக்கம் பரவியபின், அச்சொல்லின் இரண்டாம் உறுப்பு குழாய் அடைப்பாகவே பொருள் கொள்ளப்படுகிறது. நோயின் பெயரிலேயே அடைப்பு இருப்பதால், ‘அடைப்பை எடுத்துவிட்டார்கள்’ என்னும் பேச்சு வழக்கு நோயையே எடுத்துவிட்டதாக ஒலிக்கிறது. சாக்கடைக் குழாயைக் குத்திவிடும் காட்சி மனத்தில் எழுகிறது.

ஸ்டென்ட் எதையும் எடுப்பதில்லை. கொழுப்புப் படிவைத் தமனிச் சுவரோடு அழுத்தித் தாங்கி நிற்கிறது. படிவு அங்கேயே இருக்கிறது. மாரடைப்பு நிகழ்ந்துகொண்டிருக்கும்போது தமனியை உடனே திறப்பது உயிர் காக்கும் செயல் என்பதில் ஐயமில்லை. நடந்தால் வலி, நின்றால் நலம் என்னும் நிலையான நோயில் கதை வேறு. பிற்காலத்தில் வரும் மாரடைப்பு பெரிதும் சுருங்கிய இடத்தில்தான் வரும் என்பதில்லை. சிறிதே சுருங்கிய வேறோர் இடத்தில் படிவு வெடித்து, அதன்மேல் இரத்தம் உறைவதாலும் வருகிறது. 2007-இல் 2,287 பேரைக் கொண்ட கரேஜ் ஆய்வும், 2020-இல் 5,179 பேரைக் கொண்ட இஸ்கீமியா ஆய்வும், நிலையான நோயில் மருந்துகளோடு இச்சிகிச்சையைச் சேர்த்தாலும் இறப்பு குறைவதில்லை என்று காட்டின. 2017-இல் 200 பேரிடம் நடந்த ஆர்பிட்டா ஆய்வில் பாதிப்பேருக்குச் சிகிச்சை போன்ற பாவனை மட்டுமே நிகழ்ந்தது. உடற்பயிற்சி ஆற்றலில் இரு பிரிவினரிடையே கருதத்தக்க வேறுபாடு இல்லை. 2023-இல் வந்த இரண்டாம் ஆர்பிட்டா, வலி மருந்துகளை நிறுத்தியவர்களிடம் ஸ்டென்ட் வலியைக் குறைப்பதை உறுதிசெய்தது. சுருங்கச் சொன்னால், அவர்களுக்கு அது வலிக்கான சிகிச்சை. ஆயுளுக்கான காப்பீடு அன்று.

இந்தியாவில் மருந்தாய்வுகளுக்கான 2019 விதிகள் நோயாளிக்குப் புரியும் மொழியில், தொழிற்சொல் தவிர்த்துச் செய்தி தரப்பட வேண்டும் என்கின்றன. எளிமை கருதி ‘அடைப்பு நீக்கும் குழாய்’ என எழுதும் மொழிபெயர்ப்பாளர் விதியைக் காத்தவர் போல் தோன்றி, மூலத்தில் இல்லாத ஒரு வாக்குறுதியைச் சேர்த்துவிடுகிறார். ‘சுருங்கிய இடத்தை விரித்து, மீண்டும் மூடாதபடி தாங்கும் வலைக்குழல்; நெஞ்சுவலியைக் குறைக்கலாம்; கொழுப்புப் படிவு உள்ளேயே இருக்கும்; மருந்துகளைத் தொடர வேண்டும்’ என எழுதினால் சொற்கள் கூடும். படிவத்தில் அதற்கு இடமும் உண்டு.

பல் மருத்துவத்திலும் இச்சொல் இறந்துவிடவில்லை. பல்வேர்ப் பொருத்து அறுவையில் துளையிடும் இடத்தைக் காட்ட வாயில் வைக்கும் பிளாஸ்டிக் அச்சுத்தகடும், அண்ணத்திலிருந்து தோல் எடுத்தபின் புண்ணை மூடும் தகடும் இன்றும் ‘ஸ்டென்ட்’ என்றே வழங்குகின்றன. இதய நூலுக்கு ஆக்கிய சொல்லை இங்கே அப்படியே இட்டால் ஈறுக்குள் இரத்தக்குழாய் முளைத்துவிடும். அச்சுத்தகடு என்றோ காப்புத்தகடு என்றோ எழுதுவதே தக்கது. பல்செட்டுக்கு அளவு கொடுக்க வந்து, இதயத்துக்கும் ஸ்டென்ட் வைத்திருப்பதாகச் சொல்லும் முதியவரிடம் இரு படிவங்களும் ஒரே நாளில் வரக்கூடும்.