காலை 6:30-க்கு ஒரு பியானோ

ஜப்பான்ல தினமும் காலை 6:30-க்கு ரேடியோல பியானோ ஒலிக்கும். பூங்காவுல தாத்தா பாட்டிங்க கைவீசி உடற்பயிற்சி ஆரம்பிச்சிடுவாங்க. பேரு 'ராஜியோ தைசோ'.

1928-ல இது தொடங்கக் காரணமா இருந்தது, தபால் துறையோட ஆயுள் காப்பீட்டுப் பிரிவு. பாலிசி எடுத்தவர் ரொம்ப நாள் வாழ்ந்தா அவங்களுக்குத்தானே லாபம்! யோசனையும் ஒரு அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனத்தைப் பார்த்து வந்ததுதான்.

போர்க்காலத்துல இதே பயிற்சி ராணுவ ஒழுங்குக்குப் பயன்பட்டது. ஜப்பான் பிடிச்சிருந்த சிங்கப்பூர்லயும் மக்களைச் செய்ய வச்சாங்க. நாடே ஒரே நேரத்துல கையைத் தூக்கினா, அதை வெறும் ஆரோக்கியம்னு எப்படிச் சொல்றது?

தோல்விக்குப் பிறகு, அமெரிக்கப் படைகள் இருந்த காலத்துல நின்னுபோச்சு. 1951-ல புது இசை, புது அசைவுகளோட திரும்பி வந்தது. கோடை விடுமுறையில பிள்ளைங்க கழுத்துல அட்டையை மாட்டிக்கிட்டு வருவாங்க. வந்த ஒவ்வொரு நாளுக்கும் ஒரு முத்திரை.