கல்லைத் தின்றவர்கள்

போன கிழமைக் கதையில் கொழும்புத் துறையில் ஓடத் தொடங்கிய ஆள், இதோ கோட்டை அரசன் முன்னால் மூச்சிரைக்க நிற்கிறான்.

போர்த்துக்கேயத் தளபதி லொரேன்சோ த அல்மெய்தாவின் கப்பலைக் கண்டுவிட்டு வந்திருக்கிறான். வந்தவர்கள் வெள்ளை நிறமாம். இரும்புச் சட்டையாம், இரும்புத் தொப்பியாம். ஓரிடத்தில் நிற்கவே மாட்டார்களாம்.

கல்லைத் தின்கிறார்களாம்.

இரத்தம் குடிக்கிறார்களாம்!

அவன் பொய் சொல்லவில்லை, வாசகரே. 'இராசாவலிய' என்ற சிங்கள வரலாற்று நூல் சொல்லும் இந்தக் காட்சியில் என்னை உலுக்குவது இதுதான்: கண்டதைச் சொல்ல அவனிடம் சொல் இல்லை. இரத்தம் என்றது வைனை. கல் என்றது பாணை.

அந்தச் சொல்லும் அதே கப்பல்காரரோடுதான் வந்தது. போர்த்துக்கேயர் அதை மூக்கால் சொல்வார்கள். அந்த மூக்கொலி நம் வாயில் 'ண்' ஆனது. இன்று வெள்ளவத்தையில், காலி வீதிப் பேக்கரியில், "ஒரு றாத்தல் பாண் தாங்கோ" என்கிறோம். பக்கத்தில் நிற்கும் சிங்கள அம்மாவும் 'பான்' என்றுதான் கேட்கிறார். மேசை, அலுமாரி, சப்பாத்து எல்லாம் இப்படித்தான். இரண்டு வீட்டுக்கும் ஒரே கப்பலில் வந்த சாமான்.

ஒலி ஒத்துப்போனால் உடனே இரத்த உறவு என்று பாயாதீர்கள். ரொட்டிக்குக் குர்து மொழியிலும் 'நான்', உருதுவிலும் 'நான்'. குர்து, பாரசீகத்தின் உடன்பிறப்பு. அதற்கு அது முதுசொம். உருதுவோ அதைப் பாரசீகத்திடம் வாங்கிக்கொண்டது.

சரி, சபைக்கு வருவோம். அடிப்பதா, அழைப்பதா?

இளவரசன் சக்கராயுதன் எழுந்தான். வேறொருவன் கண்ணை அவன் நம்பவில்லை. வேடம் மாற்றித் துறைக்குப் போனான். பறங்கியரின் போக்கை நின்று பார்த்தான். திரும்பி வந்து சொன்னான்: இவர்களோடு மோதிப் பயனில்லை, அழைத்துப் பேசுவோம்.

அரசன் இசைந்தான். ஆனால் ஒரு பயம். தலைநகர் கடலுக்கு இவ்வளவு கிட்ட என்று அவர்களுக்குத் தெரியலாமா?

பறங்கித் தூதர் புறப்பட்டார்கள். சில மணி நேர நடை.

மூன்று நாளாகியும் நடந்துகொண்டிருந்தார்கள்!

ஏன்? அடுத்த கிழமை. அதற்குள் உங்கள் சிங்கள அயலவரிடம் ஒன்று கேட்டு வையுங்கள்: 'பறங்கியா கோட்டே கியா வகே' என்றால் என்ன?